டீசல் இறங்கிய மண்: கேள்வி பதில்

கேள்வி: திருமங்கலம் பக்கம் எங்கள் ஜெனரேட்டர் டேங்க் ஓட்டையாகி டீசல் மண்ணில் இறங்கிவிட்டது. காற்று விட்டே சரி செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம். டீசலைத் தின்னும் பாக்டீரியா உங்கள் மண்ணிலேயே இருக்கிறது, அதற்கு மூச்சுதான் போதவில்லை. ஒரு கிலோ டீசல் முழுசாகச் சிதைய மூன்று கிலோவுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். மேலூர்ப் பக்கம் சரளை கலந்த செம்மண் என்றால் துளையிட்ட பிவிசி குழாயை இறக்கி, காற்று ஊதும் சின்ன ப்ளோயர் வைத்தாலே போதும். உங்களுடையது கரிசல், நனைந்தால் காற்று நுழையாது. அதனால் தோண்டி, கெட்டித் தார்ப்பாயில் போட்டு, பொலபொலவென்று உதிரும்வரை உமி கலந்து, அடியில் குழாய் வைத்துக் குவியுங்கள். கொஞ்சம் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் சேருங்கள். ஈரம் காயக்கூடாது, சொதசொதவென்றும் ஆகக்கூடாது.

கேள்வி: பெரிய ப்ளோயர் போட்டால் சீக்கிரம் முடியுமா?

முடியாது. வேகமாக அடித்தால் எண்ணெய் ஆவியாகி மேலே வந்துவிடும், பாக்டீரியாவுக்குப் போகாது. பெட்ரோல் என்றால் அந்த ஆவியில் பென்சீன் இருக்கும், தீயும் பிடிக்கும். பக்கத்தில் பீடிகூட வேண்டாம்.

கேள்வி: ஜீவாமிர்தம் ஊற்றினால்?

இதை நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். பயிருக்கு அது நல்லதுதான், நானும் ஊற்றுகிறேன். ஆனால் அதில் வெல்லமும் பயறு மாவும் இருக்கிறதே, பாக்டீரியா முதலில் எதைத் தின்னும்? வெல்லத்தைத்தான். இருக்கிற ஆக்சிஜனும் அதிலேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: மாமா தோப்பில் ஊற்றி வாசமே போய்விட்டதே அண்ணே, நேரில் பார்த்தேன்.

தம்பி, வாசம் தருவது லேசான பகுதி, அது வெயிலிலேயே பறந்துவிடும். கனமான பகுதி வாசமில்லாமல் கீழே கிடக்கும். ஒரு முழம் தோண்டி ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். செம்மண் உள்ளே சாம்பல் நிறமாக மாறியிருந்தால் அங்கே காற்றே போகவில்லை.

கேள்வி: பாக்கெட் பாக்டீரியா வாங்கலாமா?

வேண்டாம், பாக்டீரியா மண்ணிலேயே இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். காற்றுக்குச் செலவு செய்யுங்கள்.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரில் வாசமில்லை, குடிக்கலாமா?

ஆய்வகத்தில் சோதிக்கும்வரை வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ப்ளோயரை நிறுத்திவிட்டு, குழாயில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அளக்கும் மீட்டர் வைத்து மணிக்கணக்கில் குறித்து வாருங்கள். ஆக்சிஜன் இறங்கி கார்பன் டை ஆக்சைடு ஏறினால் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. பக்கத்தில் டீசல் படாத மண்ணிலும் இதே மாதிரி அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு மண்ணிலும் ஆக்சிஜன் ஒரே வேகத்தில் இறங்கத் தொடங்கியதும் மண்ணை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், அதற்குள் மாதங்கள் ஆகும்.