டலனா, டிலனா?

வணக்கம் சார்,

பாப் டிலன் பற்றி எழுதும்போது, கவிஞர் டிலன் தாமஸையும் ஒரு வரியில் தொட்டிருந்தீர்கள். ஒருவருக்குக் கடைசிப் பெயர், இன்னொருவருக்கு முதல் பெயர். இது ஆங்கிலப் பெயர்தானா? என்ன பொருள்? வேல்ஸ்காரர் ஒருவர் இதை 'டலன்' என்று சொல்லக் கேட்டேன். எது சரி?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஆங்கிலப் பெயர் அல்ல, வெல்ஷ்; அதாவது வேல்ஸ் நாட்டு மொழிப் பெயர். பிள்ளைக்கு வைக்கிற பெயர்தான். ராபர்ட் ஜிம்மர்மேன் என்ற இயற்பெயர் கொண்ட பாப் 1962-ல் சட்டப்படி டிலன் ஆனதால் நமக்கு அது குடும்பப் பெயர்போலத் தோன்றுகிறது.

மபினோகி என்ற இடைக்கால வெல்ஷ் கதைத் தொகுதியின் நான்காம் கிளையில் இந்தப் பெயர் வருகிறது. அரியான்ரோட் தன்னைக் கன்னி என்கிறாள். அதைச் சோதிக்க மாத் என்ற அரசன் மந்திரக்கோலை வளைத்துப் பிடித்து அதைத் தாண்டச் சொல்கிறான். தாண்டிய கையோடு, மஞ்சள் முடியும் கொழுகொழு உடம்புமாக ஒரு ஆண்பிள்ளை விழுகிறது! மாத் அதற்கு ஞானஸ்நானம் செய்வித்து டலன் என்று பெயரிடுகிறான். பெயர் வைத்ததுதான் தாமதம், பிள்ளை கடலுக்குப் போய்விடுகிறது. மீனுக்குச் சமமாக நீந்துகிறது. அதன் அடியில் எந்த அலையும் உடைந்ததில்லையாம். 'அலையின் மகன்' என்ற அடைமொழியும் சேர்கிறது. பிறகு தாய்மாமன் கொவானன் அடித்த அடியில் சாகிறான். காரணம் கிடையாது. மொத்தமே நாலைந்து வரி. வடமேற்கு வேல்ஸில் கிளின்னோக் வவுர் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில் 'டலனின் கல்' என்று ஒரு பாறை இன்றும் இருக்கிறது.

பொருளா? கடல் ஏறி வருவதற்கு வெல்ஷில் 'லனு' என்று ஒரு சொல். டலன் என்பதை அதோடு சேர்த்துப் 'பேரோதம்', அதாவது பெரிய கடல் ஏற்றம், என்று விளக்குவது வழக்கம்.

இப்படி ஒரு கதையின் மூலையில் கிடந்த பெயரை, யாரும் பெரிதாக வைக்காத பெயரை, 1914 அக்டோபரில் ஸ்வான்ஸியில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் மகனுக்கு வைத்தார். அந்த மகன்தான் கவிஞர் டிலன் தாமஸ். அப்பா பாடம் நடத்தியது ஆங்கில இலக்கியம். வீட்டில் அவரும் மனைவியும் வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள். பிள்ளைகளை மட்டும் ஆங்கிலத்திலேயே வளர்த்தார்கள். அப்பா அந்த மொழியிலிருந்து மகனுக்கு எடுத்துக் கொடுத்தது பெயரைத்தான். எனக்கு இது கடல் கதையைவிட விசித்திரமாகப் படுகிறது.

சரி, உச்சரிப்பு. வெல்ஷில் முதல் அசை மங்கிய அகரம். உங்கள் வேல்ஸ்காரர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் ஆங்கிலக் காதுக்கு 'டல்' (மந்தம்) என்று கேட்குமே, பையனைக் கேலி செய்வார்களே என்று அம்மாவுக்குக் கவலை இருந்தது. பின்னாளில் வேல்ஸ் பிபிசி வானொலியில் கவிஞரை வெல்ஷ் முறைப்படி அறிவித்தபோது, டிலன் என்றே சொல்லுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

அதனால் கவிஞரை நான் டிலன் என்றே எழுதுவேன். கடலுக்குப் போன பிள்ளை டலனாகவே இருக்கட்டும்.