கதவை எங்கே வைப்பது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். நான் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியன். பதின்மூன்று வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே போய்விட்டது, எனக்கென்று உருப்படியாக ஒரு படம் வரையவில்லை. ஓ'கீஃபும் டெக்சாஸில் வாத்தியார் வேலையில் சில வருடங்களை வீணடித்தவர்தானே? நியூயார்க்கில் கலைக்கூடம் நடத்திய புகைப்படக்காரர் ஸ்டீக்லிட்ஸ் கைதூக்கிவிட்டதால் தப்பித்தார். எனக்கு 43 வயது. இனிமேல் தொடங்கினால் தேறுமா? அப்புறம், அவருடைய பூக்களுக்கு எல்லோரும் ஒரு மாதிரி அர்த்தம் சொல்கிறார்களே, அது சரியா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

பூவை முதலில் முடித்துவிடுகிறேன். பெண்ணுடலைச் சொல்கிறது என்கிற அந்த அர்த்தத்தை அவரே கடைசிவரை மறுத்தார். 2014இல் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனதே ஒரு பூ, அது நம்மூர்க் குப்பைமேட்டு ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அவ்வளவுதான், விடுங்கள்.

ஆனால் "வீணடித்தவர்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. ஒரு வாத்தியாரே இப்படி எழுதினால் என்ன செய்வது? ஓ'கீஃப் 1887இல் விஸ்கான்சினில் சன் பிரெய்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால்பண்ணையில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் இரண்டாவது. சிகாகோ, நியூயார்க் என்று போய்ப் படித்து, பரிசும் வாங்கி, 1908இல் இது நமக்கு ஆகாது என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டு விளம்பரப்படம் போட்டுப் பிழைத்தார். நாலு வருடம் கழித்து மறுபடி எடுக்க வைத்தது என்ன தெரியுமா? வர்ஜீனியாவில் ஒரு கோடைகால ஓவிய வகுப்பு. ஆர்தர் வெஸ்லி டோ என்பவரின் முறையை அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்: இருப்பதை நகலெடுக்காதே, காலியிடத்தை எப்படிப் பிரிப்பது என்று யோசி. அதே வருடம், 24 வயதில், டெக்சாஸின் அமரில்லோ ஊர்ப் பள்ளிகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

அங்கே ஒரு சண்டை. அரசு சொல்லும் ஓவியப் பாடப்புத்தகத்தைப் பிள்ளைகள் வாங்க வேண்டும் என்று மேலிடம் சொல்ல, இவர் முடியாது என்று நின்றார். கண்ணெதிரே இருப்பதை வரையட்டும் என்றார். ஒரு பையன் குட்டிக்குதிரையில் பள்ளிக்கு வர, அந்தக் குதிரையையே மேசைமேல் ஏற்றி நிறுத்தி வரைந்தார்களாம். இன்னொரு பயிற்சி எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஒரு சதுரம் போடு, அதற்குள் எங்காவது ஒரு கதவை வை. வேறொன்றும் இல்லை. ஆனால் கதவை நடுவில் வைப்பதா, ஓரத்தில் ஒதுக்குவதா என்று பிள்ளை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் திகைத்து நிற்குமே, அங்கேதான் படம் ஆரம்பிக்கிறது.

நான் ஏழாவது படித்தபோது எங்கள் டிராயிங் சார் போர்டில் போடுவது எப்போதும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை, டிக் அடித்ததுபோல் நாலு பறவை. எங்கள் ஊரில் மொட்டைமாடி ஏறிப் பார்த்தாலும் மலை கிடையாது. வயல், வாய்க்கால், தூரத்தில் கருவேலங்காடு. ஒருநாள் என்ன தோன்றியதோ, தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே முழுக்க வானத்துக்கு நீலம் அடித்துக் கொடுத்தேன். "மலை எங்கடா?" பத்துக்கு மூன்று.

வெகுகாலம் அவர்மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. பாதி நாள் அவர் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். இவர் ஆசிரியர் அறை மூலையில் உட்கார்ந்து எல்லோருடைய சான்றிதழுக்கும் பெயர் எழுதிக்கொண்டிருப்பார். சாக்பீஸால் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார், முனையும் முனையும் மயிரிழை பிசகாமல் சேரும். அப்படிப்பட்ட கைக்கு நாங்கள் வேலை கொடுத்தது ஆண்டுவிழா போர்டு எழுத மட்டும்தான்.

பிற்பாடு ஒரு புத்தகத்தில் ஓ'கீஃப் 1917இல் வரைந்த நீர்வண்ணப் படம் ஒன்றைப் பார்த்தேன். சமவெளியில் விடிகிற வெளிச்சம். குறுக்கே ஒரு கோடு, மேலே குவிமாடம்போல் நீலம். மலை இல்லை! அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. அதையும் அவர் வாத்தியாராக இருந்தபோதுதான் வரைந்தார், கேன்யன் என்ற சின்ன ஊரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். சாயங்காலம் தங்கை கிளாடியாவோடு நடக்கப் போவார். தங்கை பாட்டிலை மேலே எறிந்து துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு வருவாள், அக்கா வெள்ளி முளைப்பதைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அந்த வெள்ளியும் ஒரு வரிசைப் படமானது.

ஸ்டீக்லிட்ஸா? 1916 புத்தாண்டு அன்று ஒரு தோழி அவரிடம் கொண்டுபோய்க் காட்டிய கரிக்கோல் படங்கள், முந்தைய வருடக் கடைசியில் தென் கரோலினாவில், கல்லூரி வகுப்பு முடிந்த இரவுகளில் தரையில் தாளைப் பரப்பிப் போட்டவை. ஒருவர் கைதூக்கிவிடுவதற்கு முன்னால் அவர் பாட்டுக்கு வரைந்து வைத்திருந்தார். உங்களுக்குக் கொடுக்கிற சம்பளம் எனக்குத் தெரியும், அதில் தாளும் வண்ணமும் வாங்கச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் கரிக்கோலுக்கு என்ன செலவு? பதின்மூன்று வருடத்தில் ஓர் இரவுகூட இல்லையா உங்களிடம்?

வயதைக் கேட்டீர்கள், மறந்தே போனேன். 1965இல் 77 வயதில், நியூ மெக்சிகோ வீட்டு கராஜில், குளிர் வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று 24 அடி அகல மேகப்படம் ஒன்றை வரைந்தார். பிறகு கண் மங்கியது, களிமண் பிசைந்தார். 98 வயது வரை இருந்தார். 43 என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்புக்குச் சதுரமும் கதவும் கொடுங்கள். நீங்களும் ஒன்று போடுங்கள், பிள்ளைகள் தாளுக்கு நடுவே செருகி எல்லாவற்றையும் எனக்கு அனுப்புங்கள். உங்களுடையது எது என்று நான் கண்டுபிடிக்கிறேனா பார்ப்போம்.