பூவில் செத்த எலி நாற்றம், நடுவில் புழு: ஸ்டபீலியாவைத் தூக்கி எறியலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஸ்டார்ஃபிஷ் கேக்டஸ் என்று நர்சரியில் கொடுத்த செடியை மொட்டைமாடிப் படிக்கட்டு ஓரம் வைத்திருக்கிறேன். இந்த மாதம் கை கொள்ளாத அளவுக்கு ஒரு மொட்டு வந்து விரிந்தது. பூ சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. அன்று மதியமே செத்த எலி நாற்றம், தண்ணீர்த் தொட்டிக்குள் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டோம். மறுநாள் பூவின் நடுவில் வெள்ளைப் புழு நெளிகிறது. இரண்டு தண்டுகளின் அடிப்பாகம் கறுத்தும் போயிருக்கிறது. புழுதான் காரணமா, என்ன மருந்து அடிப்பது? மாமியார் செடியையே தூக்கி எறியச் சொல்கிறார், வாஸ்துப்படியும் ஆகாதாம். தங்கையோ ஒரு தண்டு கேட்கிறாள்."

வாஸ்து எனக்குத் தெரியாத விஷயம், அதை விட்டுவிடுகிறேன். நாற்றமும் புழுவும் நோய் இல்லை, அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். தண்டு கறுத்திருப்பதுதான் நோய். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் சொல்லும் பூ அளவை வைத்துப் பார்த்தால் இது ஸ்டபீலியா ஜைஜான்டியா. சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கம்: தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் வட்டாரம். வெளிர் மஞ்சள் இதழில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய சிவப்புக் கோடுகள், ஓரத்தில் வெள்ளை முடி, ஐந்து முனை, அகலம் 25 சென்டிமீட்டரையும் தாண்டும். பெயரில் கேக்டஸ் என்று இருந்தாலும் இது கள்ளி இனமே கிடையாது, நம் எருக்கின் குடும்பம். நான்கு பட்டைத் தண்டைப் பார்த்து சதுரக்கள்ளி என்று நினைப்பவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் தண்டில் ஊசியால் லேசாகக் கீறிப் பாருங்கள், சதுரக்கள்ளி என்றால் பால் கொட்டும், இதில் தெளிந்த நீர்தான் கசியும். தொட்டுப் பார்த்தாலே தெரியும், இதன் தண்டு வெல்வெட் துணி போல இருக்கும், ஓரத்துப் பற்கள் குத்தாது. இணையத்தில் தேடினால் சில இடங்களில் செரோபீஜியா ஜைஜான்டியா என்றும் வரும், குழம்ப வேண்டாம், 2017-ல் தாவரவியலாளர்கள் சிலர் இந்தக் கூட்டத்தையே செரோபீஜியா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள், செடி அதேதான்.

இப்போது நாற்றத்துக்கு வருவோம். இந்தப் பூவுக்குத் தேனீ வேண்டாம், மீன் மார்க்கெட்டில் பச்சையும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு மொய்க்குமே, அந்த ஈதான் வேண்டும். அதற்காகவே அழுகும் இறைச்சியிலிருந்து வரும் அதே கந்தகச் சேர்மங்களைப் பூ வெளிவிடுகிறது, நிறமும் சுருக்கமும் முடியும்கூட செத்த விலங்கின் தோலை ஞாபகப்படுத்தும்படிதான் இருக்கின்றன. பெண் ஈ நம்பி வந்து முட்டை வைத்துவிடுகிறது. நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் பொரிந்தும்விடும். பொரிந்த புழுவுக்கு அங்கே தின்ன மாமிசம் இல்லை, செடியை அது தின்னாது, பட்டினியில் செத்துப்போகும், அவ்வளவுதான். அதனால் பூச்சிமருந்து அடித்து நீங்கள் யாரையும் காப்பாற்றப் போவதில்லை.

முடிந்தால் பூ வாடுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்து நடுப்பகுதியைப் பாருங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டாவது. மகரந்தம் மற்ற பூக்களில் இருப்பது போலத் தூளாக இருக்காது. இரண்டிரண்டாக மெழுகு மாதிரி மஞ்சள் பைகள், அவற்றை இணைத்து நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கவ்வி. நடுவில் சுரக்கும் இனிப்பை நக்க ஈ வாயை நுழைக்கும்போது, அங்குள்ள சின்னப் பிளவில் அதன் முடி சிக்கி, இழுத்தால் கவ்வியோடு பை வந்துவிடும். சிக்கிய ஈ விடுபடப் போராடுவதைக்கூட சில சமயம் பார்க்கலாம். அடுத்த பூவில் அதே மாதிரிப் பிளவில் பை செருகிக்கொண்டால்தான் காய் பிடிக்கும். எருக்கம்பூவிலும் இதே ஏற்பாடுதான், அங்கே இந்த வேலையைத் தடித்த உடம்பு கொண்ட கருவண்டுகள், அதாவது மரத்தைத் துளைக்கும் பெரிய கறுப்புத் தேனீக்கள், செய்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் படும் பாட்டுக்கு வழி சுலபம். பூ நன்றாக விரிந்து நீங்கள் போட்டோ எடுத்து முடித்ததும் காம்போடு வெட்டி, காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். பூ எப்படியும் சில நாட்களுக்கு மேல் நிற்காது. வெட்ட மனம் வராதவர்கள் மொட்டு பெருத்து விரியப்போகும் கட்டத்தில் தொட்டியை மாடியின் கடைசி மூலைக்கு நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் மொட்டு சின்னதாக இருக்கும்போது இடம் மாற்றினால் உதிர்ந்துவிட வாய்ப்பு அதிகம். சமையலறை ஜன்னல், பூஜை அறைப் பக்கம், துணி காயப்போடும் கொடிக்கு அருகில், இந்த மூன்று இடமும் வேண்டாம். வாசலில் வைத்து விருந்தினரை வரவேற்கும் செடி இல்லை இது.

சரி, கறுத்த தண்டு. இதுதான் அவசரம். விரலால் அழுத்துங்கள். கெட்டியாக, பழுப்பாக, தக்கை போல இருந்தால் வயதானதால் வந்த மாற்றம், விட்டுவிடலாம். கொழகொழவென்று அமுங்கினால் வேர் அழுகல், அது மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், நாளை பார்க்கலாம் என்றால் பக்கத்துத் தண்டும் போகும். மண்ணை உதறி, கறுப்புக்கு இரண்டு விரல்கடை மேலே வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். முழுக்க ஒரே மாதிரி வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு. சுத்தமான முகம் கிடைக்கும் வரை இரக்கம் பார்க்காதீர்கள், நான்கு விரல் நீளத் துண்டு மிஞ்சினாலும் அது ஒரு செடி. வெட்டுவாயில் கந்தகத் தூளோ சாஃப் பூஞ்சணக்கொல்லியோ கொஞ்சம் தொட்டு வைத்து, நிழலில் ஒரு வாரம் சும்மா போட்டுவிடுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட வேண்டும். பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்.

அழுகல் ஏன் வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் மண்தான். நர்சரியிலிருந்து வரும் கறுப்புக் கவரில் இருப்பது தேங்காய் நார்க் கழிவும் எருவும் கலந்த கலவை. அது நனைந்தால் நாள்கணக்கில் ஈரம் பிடிக்கும், ஒருமுறை காய்ந்துவிட்டாலோ தண்ணீரையே உள்ளே விடாது, ரோஜாவுக்கு வேண்டுமானால் சமாளிக்கலாம், இதற்கு எமன். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல் அல்லது பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் துண்டு, ஒரு கை மண்புழு உரம் போதும். எம்-சாண்ட் போடுவதாக இருந்தால் சலித்துக் கழுவுங்கள், அதிலுள்ள மாவு மண்ணை இறுக்கிவிடும். கடற்கரை மணல் உப்பு, வேண்டவே வேண்டாம். வேர் ஆழமாகப் போகாது, ஆகவே ஆழமான தொட்டியை விட அகலமான, ஆழம் குறைந்த மண் தொட்டி நல்லது. அடியில் தட்டு வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதற்கு ஒரே பதில் கிடையாது. ஓர் ஈர்க்குச்சியை மண்ணில் பாதி வரை செருகி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் காத்திருங்கள், காய்ந்து வந்தால் அடியில் வழியும் வரை ஊற்றுங்கள். தண்டு லேசாகச் சுருங்கினால் ஒன்றும் ஆகாது, ஊற்றியதும் இரண்டு மூன்று நாளில் புடைத்துவிடும். தாகத்தில் இந்தச் செடி சாவது அபூர்வம், நாம் அக்கறையில் ஊற்றித்தான் கொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உண்மையான ஆபத்து, அந்த இரண்டு மாதமும் தொட்டி மழை படாத இடத்தில் இருக்க வேண்டும், சன்ஷேட் அடி போதும். மழைக்காலத்தில் கையால் தண்ணீர் ஊற்றவே தேவைப்படாது.

வெயில் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. பாலைவனச் செடி என்று நினைத்து உச்சி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். சொந்த ஊரில் இது பாறை இடுக்கிலும் புதர் நிழலிலும்தான் அதிகம் வளர்கிறது. காலை வெயில் நான்கைந்து மணி நேரம், பிறகு நிழல், இதுதான் சரியான கணக்கு. தண்டு செந்நிறமாக மாறினால் வெயில் அதிகம், வெளுத்து நீளமாக ஒல்லியாக ஓடினால் வெளிச்சம் போதவில்லை. அக்னி நட்சத்திரத்தின்போது பச்சை வலை போடுங்கள்.

உங்களுக்குப் பூத்துவிட்டது, அதிர்ஷ்டம். தண்டு மட்டும் வளர்கிறது, பூவே இல்லை என்றுதான் நிறையப் பேர் எழுதுகிறார்கள். மொட்டு பெரும்பாலும் புதுத் தண்டின் அடிப்பகுதியில் வரும், அதுவும் ஆடிக்குப் பிறகு பகல் குறைய ஆரம்பிக்கும் நாட்களில். பழைய தண்டுகள் மட்டுமே அடர்ந்து நிற்கும் தொட்டியில் பூ குறைந்துகொண்டே போகும், எனவே சில வருடங்களுக்கு ஒருமுறை ஓரத்துப் புதுத் தண்டுகளை எடுத்து மறுபடி நட வேண்டும். இன்னொன்று, மீன் அமிலம், பஞ்சகவ்யா என்று மாடித்தோட்டத்தில் இருப்பதையெல்லாம் இதற்கும் ஊற்றுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் தண்டு கொழுத்து மென்மையாகி அழுகலுக்குத் தானே அழைப்பு வைக்கும். வளரும் மாதங்களில் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும், கொடுக்காவிட்டாலும் குறையில்லை.

புழுவை விட நீங்கள் பயப்பட வேண்டியது மாவுப்பூச்சிக்கு. தண்டின் பள்ளங்களிலும் மண்ணுக்குள் வேரிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். தண்டில் இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். வேரில் இருந்தால் மண்ணைக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பும் கலந்த நீரில் முக்கி, காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். வேப்பெண்ணெய் வேலை மாலையில் மட்டும், வெயிலில் செய்தால் தண்டு வெந்துவிடும்.

தங்கைக்குக் கண்டிப்பாகக் கொடுக்கலாம், ஆனால் அழுகல் வந்த பக்கத்திலிருந்து வேண்டாம், தை மாசி வரை பொறுத்துக் கொடுங்கள். தண்டு கிளை பிரியும் இடத்தில் ஒடுங்கியிருக்கும், அங்கே பிடித்துத் திருகினால் கத்தியே இல்லாமல் வந்துவிடும். ஒரு வாரம் காயவைத்து, ஒரு விரல்கடை ஆழத்துக்கு மட்டும் நட்டு, சாயாமல் இருக்கக் கூழாங்கல் முட்டுக் கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். முதல் வாரம் தண்ணீர் கூடாது. தங்கை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் என்றால் இதற்குப் பதிலாக ஹியூர்னியா ஜீப்ரினா தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், வரிக்குதிரைக் கோடும் நடுவில் பளபளக்கும் சிவப்பு வளையமுமாகச் சின்னப் பூ, குனிந்து முகர்ந்தால்தான் வாடை தெரியும், பராமரிப்பு கிட்டத்தட்ட இதேதான்.

இந்தச் செடிகள் மேல் கிறுக்குப் பிடித்தவர்கள் இன்று நேற்று தோன்றியவர்கள் அல்ல. லண்டன் கியூ தோட்டம் செடி சேகரிக்க வெளிநாடு அனுப்பிய முதல் ஆள் ஃபிரான்சிஸ் மாசன், 1772-ல் கேப் டவுனுக்குப் போனவர், 1796-ல் ஸ்டபீலியாக்களுக்கென்றே தனிப் படப் புத்தகம் போட்டார். சதைப்பற்றுச் செடியைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்தால் உருவம் மிஞ்சாது, அதனால் உயிரோடு இருக்கும் செடியைப் பார்த்தே அங்கேயே வரைந்தவை அந்தப் படங்கள். அத்தனை பூவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த மனிதரின் மூக்கை நினைத்தால் உங்கள் மாமியார் கொஞ்சம் சமாதானம் ஆகலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மதுரை, விருதுநகர்ப் பக்கம் கரட்டுக்காட்டில் பறித்துத் துவையல் அரைக்கும் கள்ளிமுளையானும் இதற்குச் சொந்தம்தான், தண்டு பார்க்க ஒரே சாயலாக இருக்கும். கள்ளிமுளையான் தண்டு விரலை விட ஒல்லி, வழுவழுப்பு, பூவும் சின்னது. உங்கள் தொட்டியில் இருப்பது அது இல்லை, யாராவது பாட்டி கண்டுபிடித்துப் பறித்துக்கொண்டு போனால் தடுத்துவிடுங்கள். வெட்டிப்போட்ட நல்ல தண்டுகளைப் பக்கத்துக் காலி மனையில் வீசவும் வேண்டாம், மண்ணைத் தொட்டாலே வேர் விட்டுவிடும்.