மணி ஸ்க்ரீனைப் பாக்கவே வேணாம்

அண்ணா வணக்கம்,

நான் காவேரிப்பட்டணம் பக்கம், ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை. லீவு நாள்ல நானும் சித்தப்பா பசங்களும் சேர்ந்து ஒரு காமெடி படம் எடுத்துட்டு இருக்கோம். எங்க வீட்டு மணி கேப்டன், அது கருப்பு நாட்டு நாய். சித்தப்பா வீட்டு ரோஸி கோ-பைலட், அது சடை நாய். ரெண்டும் கம்ப்யூட்டர்ல ஃப்ளைட் சிமுலேட்டர் போட்டு பிளேன் ஓட்டக் கத்துக்குதுங்க, இதான் கதை. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டில காக்பிட் கூட ரெடி பண்ணிட்டோம். ஆனா மணி ஸ்க்ரீனையே பாக்க மாட்டேங்குதுண்ணா, எவ்ளோ கூப்பிட்டாலும் வாசல் பக்கமே பாக்குது. வாய் அசையற மாதிரி பண்ற ஆப் போட்டு பேச வைக்கலாமா? இன்ஜின் ஃபயர் சீனுக்கு பட்டாசு வெச்சா ஒரிஜினலா இருக்கும்னு ஒருத்தன் சொல்றான். க்ளைமாக்ஸ்ல பிளேன் க்ராஷ் ஆகி மணி செத்துப்போற மாதிரி வெச்சா டச்சிங்கா இருக்குமா? லேப்டாப் ரொம்ப பழசு, எந்த சிமுலேட்டர் போடறது? எங்க ஆயா வேற, வாயில்லா ஜீவன வெச்சு ஏண்டா கூத்தடிக்கிறீங்கன்னு தெனம் திட்டுது.

கா.

அன்புள்ள தம்பி,

உங்க லெட்டர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச கேரக்டர் உங்க ஆயாதான், அவங்க கிட்ட அப்புறம் வரேன்.

மொதல்ல மணி. அது ஸ்க்ரீனைப் பாக்கவே வேணாம் தம்பி, விட்டுடுங்க. அதுக்கு அந்த ஸ்க்ரீன்ல என்ன இருக்கு சொல்லுங்க, வாசனை இல்ல, ஒண்ணும் இல்ல, நாய்க்கு உலகமே மூக்குலதான். நாய்க்கு கலர் தெரியாதுன்னு சொல்றது தப்பு, நீலமும் மஞ்சளும் நல்லாவே தெரியும், சிவப்பு பச்சை ரெண்டும்தான் பிரிச்சு தெரியாது, அதனால காக்பிட்ல மேல நீலமும் கீழ பிரவுனுமா ஒரு உருண்ட மீட்டர் இருக்கும்ல, பிளேன் சாயுதா நேரா போவுதான்னு காட்டறது, அத மணி நெனச்சா படிக்கலாம், நெனைக்காது அவ்ளோதான். வாசல்ல யாரோ வராங்கன்னு பாக்கறதுதான் அதோட வேலை, அந்த வேலைய அது ஒழுங்கா செய்யுது.

நூறு வருசத்துக்கு முன்னாடி ரஷ்யால லெவ் குலெஷோவ்னு ஒரு டைரக்டர் இருந்தாரு, சினிமா சொல்லிக் குடுத்தவரு. ஒரு நடிகரோட எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரே மூஞ்சி ஷாட்ட எடுத்து, அதுக்குப் பக்கத்துல ஒரு தடவ சூப் கிண்ணம், ஒரு தடவ சவப்பெட்டி, ஒரு தடவ ஒரு பொண்ணுன்னு ஒட்டிக் காமிச்சாரு, பாத்தவங்க எல்லாம் அடடா பசிய எப்படிக் காட்டறாரு, துக்கத்த எப்படிக் காட்டறாருன்னு புகழ்ந்தாங்கன்னு சொல்லுவாங்க. மூஞ்சி ஒண்ணேதான். எடிட்டிங்தான் நடிச்சுது. இதுக்கு நாய விட்டா நல்ல நடிகன் உண்டா? மணி வாசலைப் பாக்கற ஷாட்டு, அடுத்து சிமுலேட்டர்ல ரன்வே வேகமா கிட்ட வர்ற ஷாட்டு, மறுபடி மணி. முடிஞ்சது, மணி லேண்டிங் பண்ணுது.

அதனால நீங்க செய்ய வேண்டியது, ஒரு நாள் காலைல மணியோட மூஞ்சிய மட்டும் சேத்து வெச்சுக்கறது. ஃபோன தரையில வெச்சு அது கண்ணு உயரத்துக்கு புடிங்க, நாம நின்னுக்கிட்டு மேல இருந்து எடுத்தா அது வீட்டு நாய், அதே உயரத்துல எடுத்தாதான் கேப்டன். உப்புப் போடாம வேக வெச்ச சிக்கன ஒரு நகம் அளவுக்குக் கிள்ளி லென்ஸுக்குப் பக்கத்துல ஒருத்தன் புடிக்கட்டும், மெதுவா இடது பக்கம் கொண்டு போகட்டும், வலது பக்கம், மேல, அப்புறம் கைய கீழ இறக்கி குடுத்துடணும், ஏமாத்தக் கூடாது, ஏமாத்தினா அடுத்த ஷாட்டுக்கு வராது. கொழந்தைங்க வெளையாடற பொம்மைல கீச்சுன்னு ஒரு சத்தம் வரும்ல, அத ஒரு தடவ அமுக்கினா தலைய சாய்ச்சுப் பாக்கும். ஒரு தடவதான், நாலாவது தடவைக்கு அது எந்திரிச்சுப் போயிடும். இப்படி ஏழெட்டு பார்வை கைல இருந்தா போதும், மொத்தப் படத்துக்கும் அதான் நடிப்பு. அந்த சிக்கனுக்கு பதிலா சாக்லேட் குடுக்கறது, திராட்சை குடுக்கறது எல்லாம் கூடவே கூடாது, ரெண்டும் நாய்க்கு விஷம்.

இன்னொண்ணு, நீங்க எடுத்த வீடியோல மணி கொட்டாவி விட்டுட்டு நாக்கால மூக்க நக்குற எடம் இருந்தா, அது சிரிப்பா இருக்குன்னு அதையே ரிப்பீட் அடிக்காதீங்க. தூக்கம் வராதப்ப நாய் கொட்டாவி விட்டா பெரும்பாலும் அதுக்கு அந்த எடம் புடிக்கலன்னு அர்த்தம், காத பின்னாடி மடிச்சுக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரியற மாதிரி ஓரமா பாத்தாலும் அதேதான். அப்ப பெட்டியோட வாய தெறந்து விட்டுடுங்க. அட்டைப்பெட்டி காக்பிட்டுக்கு பின்பக்கம் எப்பவும் தெறந்தே இருக்கட்டும், கேப்டன் டூட்டில இருந்து எப்ப வேணா எறங்கிப் போலாம். ரொம்ப வெயில்ல எடுக்காதீங்க, நம்ம பக்கம் ஏப்ரல் மே எப்படின்னு சொல்ல வேணாம், நாய்க்கு உடம்பு பூரா வேர்க்காது, நாக்கத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கும், நீங்க அது தலைல தொப்பியும் ஹெட்செட்டும் மாட்டி அட்டைப்பெட்டிக்குள்ள வேற ஒக்கார வெக்கறீங்க.

காமெடி எங்க இருந்து வரும்ங்கறதுதான் நான் உங்க கிட்ட முக்கியமா சொல்ல நெனைக்கிறது. நாய மனுசன் மாதிரி ஆக்கினா வராது, ரெண்டு கால்ல நிக்க வெச்சு கண்ணாடி மாட்டி விட்டா பாக்கறவன் ஒரு தடவ சிரிப்பான், அடுத்த நிமிசம் பாவம்னு தோணிடும். நாய் நாயாவே இருக்கணும், சுத்தி இருக்கற மனுசங்களும் வாய்ஸும் மட்டும் கொஞ்சங்கூட சிரிக்காம விமானத்துறை அதிகாரிங்க, அதான் டிஜிசிஏ, இன்ஸ்பெக்‌ஷன் நடத்தற மாதிரி இருக்கணும். நெஜ பைலட்டு டேக் ஆஃபுக்கு முன்னாடி பிளேன சுத்தி நடந்து டயர், றெக்கை, இன்ஜின் எல்லாம் பாப்பாங்க, அது கட்டாய டூட்டி. நீங்க ஒரு வண்டி டயர மட்டும் க்ளோஸப்ல வைங்க, மணி வரும், மோந்து பாக்கும், கால தூக்கும், அது தானா செய்யும், சொல்லிக் குடுக்கவே வேணாம். மேல வாய்ஸ்: "கேப்டன் மெயின் வீல் செக் பண்ணிட்டாரு, திருப்தியா இருக்கு." படுக்கறதுக்கு முன்னாடி அதே எடத்துல சுத்தி சுத்தி வரும்ல, அதான் லேண்டிங் க்ளியரன்ஸ் கெடைக்காம வானத்துல வட்டமடிக்கறது. ரோட்ல ஒரு டூவீலர் போனா குலைக்கும், பிளேன்ல பக்கத்துல இன்னொரு பிளேன் வந்தா மெஷினே "டிராஃபிக், டிராஃபிக்"னு கத்தும், ரெண்டையும் ஒட்டுங்க. தூங்கினா ஆட்டோ பைலட். நெறைய ஏர்லைன்ஸ்ல கேப்டனும் கோ-பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்புட மாட்டாங்க, கெட்டுப்போன சாப்பாடுன்னா ரெண்டு பேரும் ஒண்ணா படுத்துடக் கூடாதுன்னு, அதனால மணிக்கு களி, ரோஸிக்கு தயிர் சோறு வெச்சு, ரோஸி தயிர் சோத்த விட்டுட்டு களியவே பாக்கற ஷாட் ஒண்ணு போதும். தட்டு ரெண்டையும் தனித்தனி நேரத்துல எடுங்க, பக்கத்துல வெச்சா காக்பிட்ல நெஜமாவே சண்ட வரும்.

பைலட்டுங்க நடுவுல ஒரு பழைய ஜோக்கு உண்டு, வருங்காலத்துல காக்பிட்ல ஒரு மனுசனும் ஒரு நாயும்தான் இருப்பாங்களாம், மனுசன் எதுக்குன்னா நாய்க்கு சோறு போட, நாய் எதுக்குன்னா மனுசன் எதையாவது தொட்டா கடிக்க. உங்க படத்துல பாதி கதை இதுலயே இருக்கு, யோசிங்க.

வாய் அசைக்கற ஆப்பு வேணாம். பாக்க அசிங்கமா இருக்கும்ங்கறது ஒரு காரணம், தேவையே இல்லங்கறது இன்னொரு காரணம், பிளேன்ல பேசறது எல்லாம் ரேடியோல, கண்ட்ரோல் டவர்ல இருந்து வர்ற குரலுக்கு வாய் எதுக்கு? மணி கம்முனு இருக்கட்டும், டவர்தான் பேசணும், மணியோட மவுனத்த அவங்களே புரிஞ்சுக்கிட்டு பதில் சொல்லணும். "கேப்டன், நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா எங்களுக்கு மேல இருந்து ஆர்டர் வரணும்." இந்த மாதிரி. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ஆடாசிட்டின்னு சவுண்ட் எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டு 300 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கற கனமான சத்தத்தையும் 3000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற கீச்சு சத்தத்தையும் வெட்டி விட்டா, சித்தப்பா பையன் கொரலே ரேடியோ கொரலா வந்துடும். பயணிகளுக்கு அறிவிப்பு மட்டும் நம்ம டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டைல்ல, தொப்பூர் எறங்கறவங்க முன்னாடி வாங்க, சில்லறையா குடுங்கன்னு.

பட்டாசு சுத்தமா கெடையாது, இதுல பேச்சே இல்ல. கீச்சு சத்தத்துல நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், நாய்க்கு 45,000 வரைக்கும் போகும், தீபாவளிக்கு கட்டிலுக்கு அடியில போய் ஒளியற ஜீவன் கிட்ட போய் வெடி வெச்சுட்டு நடின்னா எப்படி. பொகை வேணும்னா சாம்பிராணி போட்டு பெட்டிய மட்டும் தனியா எடுங்க, நாய் அந்தப் பக்கமே வரக்கூடாது, அது மூக்குக்கு அந்தப் பொகை தாங்காது. டர்புலன்ஸ், அதான் காத்துல பிளேன் குலுங்கற சீனுக்கும் அதேதான், பெட்டிய ஆட்டாதீங்க, ஃபோன ஆட்டுங்க. ஃபோன் சாஞ்சா பிளேன் சாஞ்ச மாதிரிதான் தெரியும், மணி பாட்டுக்கு ஒக்காந்திருக்கும், அந்த அசையாத மூஞ்சிதான் சிரிப்பு.

அட்டைப்பெட்டில காக்பிட்டுன்னு சொல்லும்போது உங்களுக்கு கொஞ்சம் கூச்சம் இருக்கற மாதிரி தெரிஞ்சுது, வேணாம். நெஜ சிமுலேட்டரே அப்படித்தான் பொறந்தது. அமெரிக்கால எட்வின் லிங்க்னு ஒருத்தர், அவங்க அப்பாவுக்கு பியானோவும் ஆர்கனும் செய்யற ஃபேக்டரி, அந்த ஆர்கனுக்கு காத்து ஊதற துருத்தியையே வெச்சு 1929 வாக்குல சாயற, திரும்பற ஒரு சின்ன மரப் பிளேன் பண்ணாரு, குட்டி குட்டி றெக்கை எல்லாம் வெச்சு. ஏவியேஷன்காரங்க பெருசா கண்டுக்கல, பொழுதுபோக்கு பார்க்குக்காரங்கதான் வாங்கினாங்க, திருவிழா ராட்டினம் மாதிரி காசு குடுத்து ஏறி எறங்கறதுக்கு. 1934-ல அமெரிக்க ராணுவ பைலட்டுங்க தபால் எடுத்துட்டுப் போகும்போது மோசமான வானிலைல வரிசையா செத்தாங்க, அதுக்கப்புறம்தான் ராணுவம் வந்து ஆறு மெஷின் வாங்குச்சு. ரெண்டாம் உலகப்போர்ல லட்சக்கணக்கான பேரு அந்தப் பொட்டில ஒக்காந்துதான் கத்துக்கிட்டாங்க. ஸ்டீயரிங்குக்கு பழைய இரும்புக் கடைல ஒரு டிவிஎஸ் 50 ஹேண்டில்பார் கேளுங்க, ஓசூர்ல செஞ்ச வண்டி, லோக்கல் சரக்கு, அந்த ஸ்பீடாமீட்டரையும் சேத்து வாங்கிடுங்க.

சாஃப்ட்வேரு, மைக்ரோசாஃப்ட் 2020-ல விட்டது அழகோ அழகு, ஆனா அதுக்கு 150 ஜிபி எடம் வேணும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேணும், நெட்டும் தின்னும், உங்க லேப்டாப் அத பாத்தாலே அணைஞ்சுடும். ஃப்ளைட்கியர் போடுங்க, காசு இல்ல, ஓபன் சோர்ஸ், கிராஃபிக்ஸ கொறைச்சு வெச்சா பழைய மெஷின்ல ஓரளவுக்கு ஓடும், ஓட்டினத மறுபடி ஓட விட்டு வெளிய இருந்தும் பாக்கலாம், அத ஓபிஎஸ்னு ஸ்க்ரீன ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர் வெச்சு ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. கிராஃபிக்ஸ் சுமாரா இருந்தா நல்லதுதான், அட்டைப்பெட்டிக்கு மேட்ச் ஆகும்.

ரூட்டுக்கு அமெரிக்கா எல்லாம் போகாதீங்க. நம்ம மாவட்டத்துலயே ஓசூர் பக்கத்துல பேளகொண்டப்பள்ளில 7,000 அடிக்கு மேல ரன்வே இருக்கு, தனியார் ரன்வே, பாதிப் பேருக்கு தெரியாது. 2024 ஜூன்ல சட்டசபைல ஓசூருக்கு 2,000 ஏக்கர்ல ஏர்போர்ட்டு, வருசத்துக்கு 3 கோடி பயணிங்கன்னு அறிவிச்சாங்க, அது வர்றப்ப வரட்டும், உங்க மணி மொதல்ல பறக்கட்டும். அங்க இருந்து கெளம்பி, கீழ என்எச் 44 ரோட்டையே மோப்பம் புடிச்சுட்டு வந்தா கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, கேஆர்பி டேம், தருமபுரி, தொப்பூர் கணவா தாண்டினா ஓமலூர் கிட்ட சேலம் ஏர்போர்ட்டு. வழி கேக்கற கேப்டன் வேணும்னா காவேரிப்பட்டணத்து மேல வரும்போது உங்க ஆயா மாடில நின்னு கைய காட்டட்டும்.

க்ராஷு வேணாம் தம்பி. நெஜத்துலயே அப்படி ஒண்ணு நடந்திருக்கு, 1957 நவம்பர்ல லைக்கான்னு மாஸ்கோ தெருவுல சுத்திட்டு இருந்த ஒரு நாயப் புடிச்சு ஸ்புட்னிக் 2-ங்கற விண்கலத்துல விண்வெளிக்கு அனுப்புனாங்க, திரும்பி வர வழியே வெக்காம. சில மணி நேரத்துல சூடு தாங்காம அது செத்துடுச்சுன்னு 2002-லதான் வெளிய சொன்னாங்க. அவ்ளோ நேரம் சிரிக்க வெச்ச நாய க்ளைமாக்ஸ்ல கொன்னு கண்ணீர் வாங்கறது சுலபம், அதனாலதான் வேணாம்ங்கறேன். எனக்கு 1960-ல விண்வெளிக்குப் போன பெல்கா, ஸ்ட்ரெல்கான்னு ரெண்டு நாயும் போதும், ரெண்டும் உசிரோட எறங்குச்சு, ஸ்ட்ரெல்கா அப்புறம் குட்டி போட்டுச்சு, அதுல ஒரு குட்டிய சோவியத் தலைவர் குருஷ்சேவ் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி வீட்டுக்கே அனுப்பி வெச்சாரு. மணி சேலத்துல எறங்கட்டும், எறங்கின ஒடனே ஒரு மரத்த தேடட்டும்.

ஆயா விஷயம். அவங்க சொல்றத கேளுங்க, ஷூட்டிங் நேரத்துல அவங்கள ஒரு சேர் போட்டு பக்கத்துல ஒக்கார வைங்க, மணிக்கு எப்ப போதும்னு உங்க எல்லாரையும் விட அவங்களுக்குத் தெரியும், அவங்க "விடுங்கடா"ன்னா அன்னிக்கு பேக்கப். அப்புறம் முடிஞ்சா அந்தத் திட்டையும் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க, கண்ட்ரோல் டவர் வாய்ஸுக்கு சித்தப்பா பையன விட அவங்கதான் கரெக்ட்டுன்னு எனக்குத் தோணுது. படம் பத்து நிமிசத்துக்கு மேல போகாம பாத்துக்கோங்க, அப்லோட் பண்ணிட்டு லிங்க் அனுப்புங்க.

அன்புடன்
அண்ணன்