தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் "தத்தெடுப்பது நமக்குப் புதிதில்லை, தாமிரபரணிக் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்ததுதான்" என்று ஒரு வரி வந்தது. நானும் மனைவியும் தத்தெடுக்கப் பதிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அது சொந்தத்துக்குள்ள எடுக்கதுல்லா. இது யாரு பெத்ததோ" என்றாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்று ஊர் பேசும் என்ற பயமும் அவளுக்கு இருக்கிறது. இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர், "எதுக்குடே வரிசையில நிக்கே, தெரிஞ்ச இடத்துல கேட்டு முடிச்சுத் தாரேன்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்), பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. அந்த வரியை நான் அவசரத்தில் எழுதிவிட்டேன்.

என் தாத்தா ஒரு சுவீகாரப் பிள்ளை. ஏழு வயதில் அவரைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மறுநாளிலிருந்து பெரியப்பாவை அப்பா என்றும், பெற்றவளைச் சித்தி என்றும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். எழுபது வயதிலும் "எங்க சித்தி" என்றுதான் சொல்வார். எங்கள் பக்கத்தில் தகப்பனுக்குத் தலைமகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். தாத்தாதான் கடைக்குட்டி. ஆனால் அந்தச் சித்தி செத்த அன்றைக்கு அவர் நீர்மாலைக்கு, அதாவது குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர, பங்காளிகளோடு பங்காளியாகப் போய்வந்தார். கொள்ளியை அவருக்கு மூத்த அண்ணன் வைத்தார்.

பெரியப்பாவுக்கு நாலு கோட்டை விதைப்பாடு நிலம் இருந்தது, அதற்கு ஒரு வாரிசு வேண்டும். செத்தால் கொள்ளி வைக்க, வருஷா வருஷம் திதி கொடுக்க ஆள் வேண்டும். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது பேச்சிலேயே கிடையாது. கொடுக்கிறவள் சம்மதித்தாளா என்பதும் கிடையாது. பழைய சாஸ்திரப்படி தகப்பன் கொடுத்தால் போதும்.

கோர்ட்டுக்குப் போன வழக்குகளும் சொத்தைச் சுற்றித்தான். ஜமீன்தார் வாரிசில்லாமல் செத்தால் விதவை ராணி தத்தெடுக்கலாமா, அல்லது ஜமீன் சர்க்காருக்கா? ராமநாதபுரம் ஜமீன் விஷயத்தில் மதுரைக் கலெக்டர் அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1868-இல் தோற்றார். கணவன் சொல்லிவிட்டுப் போகாவிட்டாலும் அவன் பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம், அது தென்னாட்டு வழக்கம், ஏட்டுச் சட்டத்தைவிட நிரூபித்த வழக்கமே பெரிது என்று தீர்ப்பு. பெரிய தீர்ப்புதான். அந்த வழக்கிலும் கேள்வி ஜமீன் யாருக்கு என்பதே.

பெண் பிள்ளை? இந்துச் சட்டம் என்று கோர்ட்டுகள் நடத்தியதில் பெண்ணுக்குத் தத்தே பொதுவாக இல்லை. திதி கொடுக்க முடியாதவளை எதற்கு எடுப்பது என்ற கணக்கு. விலக்கு, தேவதாசி வீடுகள். அவர்கள் மகளைத் தத்தெடுப்பதைச் சென்னை ஹைகோர்ட் வழக்கம் என்று ஒப்புக்கொண்டது, பம்பாய் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் மதிக்காத வீடுகளில்தான் பெண்ணுக்கு வாரிசு உரிமை இருந்தது என்பது விசித்திரம். அதே வழியாகச் சின்னஞ்சிறுமிகள் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதும் நடந்தது. 1901-இல் அப்படி ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்த சிறுமி, அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேலிடம் வந்து சேர்ந்தாள். களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில் அவர் நடத்திய இல்லம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் சட்டப்படி அவருக்கு மக்கள் கிடையாது. இறப்பதற்கு முன், தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்து அதில் "அம்மை" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

1956-இல் இந்துத் தத்து, ஜீவனாம்சச் சட்டம் வந்தது. பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம், ஹோமம் கட்டாயமில்லை என்றது. அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: தாயின் சம்மதம் இல்லாமல் தகப்பன் பிள்ளையைக் கொடுக்க முடியாது. என் கொள்ளுப்பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டம் மேலப்பாளையத்து முஸ்லிமுக்கும் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவருக்கும் கிடையாது. அவர்கள் 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது, பெற்றோராக இல்லை.

யாரோ பெற்ற பிள்ளை என்பதற்குச் சட்டம் மெல்லத்தான் வந்தது. வெளிநாட்டுக்குப் பிள்ளைகள் போகிற முறைகேட்டைப் பற்றி ஒரு வக்கீல் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984-இல் உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது. 1990-இல் மத்திய தத்தெடுப்பு அமைப்பு வந்தது. 1992-இல் இங்கே தொட்டில் குழந்தைத் திட்டம், சேலத்தில். 2000-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம்தான் எந்த மதத்தவரும் எடுக்கலாம் என்ற கதவைத் திறந்தது. முஸ்லிம்களும் அந்த வழியில் வரலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நீங்கள் நிற்கிற வரிசை 2015 சட்டத்தில் உள்ளது. முன்பு கோர்ட் போட்ட உத்தரவை 2022-லிருந்து கலெக்டர் போடுகிறார். ஆக, பிள்ளைக்காக வீடு தேடுகிற தத்து நம் ஊரில் என் வயதைவிடச் சின்னது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாக என்று எழுதிவிட்டேன். தத்து என்ற சொல் ஒன்றாக இருப்பதால் வந்த மயக்கம்.

அப்புறம் அந்தத் தவிடு. அடுத்தடுத்துப் பிள்ளை செத்த வீட்டில், பிறந்ததை அக்கம்பக்கத்தில் ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிடு கொடுத்து அவளிடமிருந்தே திரும்ப வாங்குவார்கள். விலை போகாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். பிச்சை, குப்பை என்று பெயர் வைப்பதும் அதனால்தான். எனவே தவிட்டுக்கு வாங்கின பிள்ளை என்றால் பெற்றவளே காப்பாற்றப் பாடுபட்ட பிள்ளை. பின்னால் அது கேலியாகிப்போயிற்று. அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், ஊரில் ஒரு பிச்சையா கண்டிப்பாக நினைவுக்கு வருவார்.

உறவினர் சொல்கிற "தெரிஞ்ச இடம்" வேண்டவே வேண்டாம். முறை மீறி பிள்ளையைத் தத்துக் கொடுத்தாலோ வாங்கினாலோ மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். பணம் கை மாறினால் ஐந்து வருடம் வரை. அதைவிட எனக்கு முக்கியம், முறையான வழியில் பெற்றவள் எழுதிக் கொடுத்த பிறகும் மனம் மாற அவளுக்கு 60 நாள் இருக்கிறது. இடைத்தரகர் அந்த 60 நாளையும் அவளிடமிருந்து பறித்துத்தான் பிள்ளையை உங்கள் கையில் கொடுப்பார்.

பதிவில் நீங்கள் குறித்த மாநிலங்களைப் பொறுத்துப் பிள்ளை தென்காசியிலிருந்தும் வரலாம், ஒடிசாவிலிருந்தும் வரலாம். அம்மாவிடம் அதை இப்போதே சொல்லிவையுங்கள். தூளியில் போட்டுத் தாலாட்டுப் பாடப்போவது அவர்தானே, அந்தப் பிள்ளைக்கு நம்ம ஊர்த் தமிழ் பழக நாலு நாள் ஆகும்.