ப்ராஜெக்ட் ரிவ்யூவில் உண்மையில் எதை அளக்கிறோம்?

பி.இ. மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டை ஆசிரியர் குழு முன் விளக்கும் ரிவ்யூவில் அவர்களின் கம்யூனிகேஷனையும் ஆய்வுத் திறனையும் மதிப்பிட முடியுமா, இல்லை வெறும் சம்பிரதாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையில் ரிவ்யூ பேனலில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முடியும், ஆனால் இப்போது பல இடங்களில் செய்கிற விதத்தில் முடியாது.

காகிதத்தில் குறையே இல்லை. பொறியியல் பட்டப்படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா சேர்ந்தது. அதன் வழியில் என்பிஏ (படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) வைத்திருந்த 12 ப்ரோக்ராம் அவுட்கம்களில், அதாவது படிப்பு முடியும்போது மாணவருக்கு வந்திருக்க வேண்டிய திறன்களில், நான்காவது, சிக்கலான பிரச்சினைகளை ஆராய்வது, பத்தாவது கம்யூனிகேஷன். ஒவ்வொரு பாடத்துக்கும் இவற்றோடு எவ்வளவு தொடர்பு என்று 1, 2, 3 எனப் போட்டு மேப்பிங் செய்து எக்செல்லில் சராசரி எடுப்போம். 2.4 என்று வரும். அதை வைத்துக்கொண்டு எந்த மாணவருக்கு என்ன வரவில்லை என்று சொல்ல முடியாது.

ரிவ்யூவில் நடப்பது இதுதான். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பெண், தன் மாடல் எங்கே சொதப்புகிறது என்று திக்கித் திக்கிச் சரியாகச் சொன்னால் 6 மார்க். ஸ்லைடை அப்படியே சரளமாக வாசிக்கிற பையனுக்கு 9. அளந்தது ஆங்கிலத்தை. அதற்குப் பதில், ரிப்போர்ட்டை மூன்றாம் வருட மாணவர்களிடம் கொடுங்கள். சீனியருக்கு போன் போடாமல் லேபில் அந்த ப்ராஜெக்டை ஓட்டிக் காட்டட்டும். எந்தப் பக்கத்தில் முழிக்கிறார்களோ, அங்கே எழுதியவருக்கு மார்க் குறையும்.

ஆய்வுத் திறன் என்றாலே நம் ஆட்களுக்குப் பிளேஜியரிசம் சதவீதம்தான், அதாவது ரிப்போர்ட்டில் எவ்வளவு பிறர் எழுதியதோடு ஒத்துப்போகிறது என்று சாஃப்ட்வேர் காட்டும் எண். 10 சதவீதத்துக்குக் கீழ் தண்டனை இல்லை என்ற யுஜிசியின் 2018 விதி முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கானது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்கு அதில் விலக்கே இருக்கிறது. (சர்க்குலர் போடுகிறவர்கள் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.) வார்த்தைகளை மாற்றிப்போட்டால் சதவீதம் இறங்கிவிடும், கட்டுரையைப் படித்ததாக ஆகாது. அதனால் லிட்ரேச்சர் சர்வேயிலிருந்து (முன்பு வந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி) நானே ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்துக் கேட்பேன்: எந்த டேட்டாசெட், அந்த முறையை ஏன் நீ எடுக்கவில்லை? அப்புறம் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள அடையாளமான டிஓஐ எண்ணைப் போட்டுப் பார்ப்பேன். சாட்ஜிபிடி தந்த இல்லாத கட்டுரைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். தேடி எடுத்து, வேண்டாம் என்று ஒதுக்கியவை எவை என்ற கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. படித்தவர்களுக்கு அதில் பேச நிறைய இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரு டீமுக்குப் பத்து நிமிடம் போதாது, அது உண்மை. எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் ரூப்ரிக் அட்டவணையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கட்டங்களை நாலாகக் குறைத்தாலே பாதி நேரம் மிஞ்சும். பேனலில் இருவரும் மார்க்கைத் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். 10க்கு 3க்கு மேல் வித்தியாசம் வந்தால், மாணவரை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் இருவரும் முதலில் பேசிக்கொள்ளுங்கள்.