தனியாகச் சாப்பிடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

நான் தென்கொரியாவில் டேஜான் நகரில் ஆய்வு மாணவன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெண் தினமும் தனியாகவே சாப்பிடுகிறாள். அதற்கு 'ஹோன்பாப்' என்று பெயரே இருக்கிறது. இங்கே இளைஞர்கள் கல்யாணமும் வேண்டாம், குழந்தையும் வேண்டாம் என்கிறார்கள். 2023-இல் பிறப்பு விகிதம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. தன்னலம் ஒரு சமூகத்தை அழிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அவளைச் சாப்பிடக் கூப்பிடலாமா, தப்பாக எடுத்துக்கொள்வாளா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

0.72-ஐ விட்டுவிடுங்கள். வாடகை, வேலை நேரம் என்று அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் தனியாகச் சாப்பிடுவதைத் தன்னலம் என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் சியோலில் இருந்தேன். இறைச்சி சுடும் கடையொன்றில் நுழைந்தேன். கடைக்கார அம்மா இரண்டு விரலைக் காட்டினார். ஒற்றை ஆளுக்குக் கிடையாதாம். பசியோடு ஒரு சிறிய இருபத்துநாலு மணிநேரக் கடையில் போய் நின்றால், கண்ணாடி ஓரம் நாலைந்து இளசுகள், ஆளுக்கொரு ராம்யான் நூடுல்ஸ் கோப்பையோடு. வெந்நீர் இயந்திரத்தோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்த ஒருத்தி எழுந்து வந்து, பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த ஊரில் 'ஹோய்ஷிக்' என்று ஒன்று உண்டு, அலுவலக இரவு விருந்து. மேலதிகாரி ஊற்றினால் குடிக்கவேண்டும், எழுந்து போகக்கூடாது. இதைத்தான் ஒற்றுமை என்கிறீர்களா? நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன், இங்கே எழுத முடியாது.

2024 டிசம்பர் 3 இரவு அப்போதைய அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டம் அறிவித்தார். அடுத்த சில வாரங்கள் அவரை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பெண்கள் ஏராளம். பாட்டுக் கச்சேரிக்கு வாங்கிய விளக்குக் கோல்தான் கையில். 'வீட்டில் படுத்திருப்போர் தேசியக் கூட்டமைப்பு' என்றுகூட ஒரு கொடி! படுத்துக் கிடப்பவர்கள் எழுந்து வந்திருக்கிறார்கள்.

டிசம்பர் 21 அன்று யூனை எதிர்த்து டிராக்டர்களில் வந்த விவசாயிகளை, சியோலின் தெற்கு வாசலான நம்தேரியோங் கணவாயில் போலீஸ் மறித்தது. அவர்கள் படைக்கு ஜோன் போங்ஜுன் பெயர், 1894 உழவர் எழுச்சியின் தலைவர். செய்தி பரவியதும் அந்த உறைபனி இரவில் இந்தப் பெண்கள் கிளம்பிப் போனார்கள். நெல் விலை பற்றி அவர்களில் பலருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. வரமுடியாதவர்கள் சூடான சாப்பாட்டுக்குப் பணம் கட்டி அனுப்பினார்கள். குளிர்காய வாடகைப் பேருந்துகளும் வந்தன. விடிய விடிய நின்றார்கள். சுமார் 28 மணி நேரத்துக்குப் பின் தடுப்பு விலகியது.

இளைஞர்கள் எல்லாரும் இப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆண்கள் அங்கே குறைவு. அது தனிக் கதை, இன்னொரு நாள் சண்டை போடலாம்.

நம்தேரியோங்கில் நின்றவர்களில் எத்தனை பேர் மறுநாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள்! அவர்களிடம் போய்த் தன்னலம் என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, என்னவோ கேட்டிருந்தீர்கள். கூப்பிடுங்கள் தம்பி. வரவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், பக்கத்து மேசையில் உட்கார்ந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.